கண்ணாடித் திரையும் கம்பெனிக் கட்டளையும்

"இந்த மெஷினுக்கு இனி ஆதரவு இல்லை."

இந்த வாசகம் இன்று எத்தனையோ வீடுகளில், ஆபீசுகளில், பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் திரையிலே வந்து நிற்கிறது. படிக்கிறவர் என்ன நினைக்கிறார்? மெஷின் பழசாகிவிட்டது, ஆயுள் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார். வட்டிக்கு வாங்கியாவது புதுசு ஒன்று வாங்கியாக வேண்டுமே என்று கவலைப்படுகிறார்.

தோழர்களே, இது பச்சைப் புரட்டு! நல்ல கறவையில் இருக்கிற மாட்டுக்குத் தீனியை நிறுத்திவிட்டு, "மாட்டுக்கு வயதாகிவிட்டது, அடிமாட்டுக்குத் தள்ளிவிட்டு என்னிடம் புது மாடு வாங்கு" என்று ஒருவன் சொன்னால் அவனை நாம் என்ன சொல்லுவோம்? அதே காரியத்தைத்தான் கம்ப்யூட்டர் உலகத்து ஏகபோக முதலாளிகள் கூசாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"கூலி உயர்வு, டீசல் விலை, தடைக்கால நிவாரணம் என்று ஆயிரம் பிரச்னை இருக்கும்போது, லாப்டாப் திரைக்கு நமது பத்திரிகையில் இடமா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நிவாரணத்துக்கு மனுப் போடுவது எதிலே? பிள்ளைக்குக் காலேஜில் இடம் கேட்பது எதிலே? உதவித் தொகைக்கு விண்ணப்பிப்பது எதிலே? எல்லாம் இந்தத் திரை வழியாகத்தான். மனு எழுதுகிற பேனாவை ஒரு கம்பெனி நினைத்த நாளில் பிடுங்கிக்கொள்ளலாம் என்றால், அது கூலிப் பிரச்னைக்குச் சற்றும் குறைந்த பிரச்னை அல்ல.

படிப்பகத்துக்கு வந்த லாப்டாப்

மண்டபத்தூர் காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் மீனவர் ஊர். காரைக்கால் பிரதேசத்தில் பிரான்ஸ் தேசத்தோடு உறவுள்ள குடும்பங்கள் அநேகம். அப்படி ஒருவர், விடுமுறைக்கு வந்தவர், தாம் பயன்படுத்திய லாப்டாப்பை இங்குள்ள படிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கி வருஷங்கள் ஆன மெஷின்தான். ஆனால் அதன் திரை கண்ணைப் பறித்தது.

திரை என்பது புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்று சொல்லுவார்கள். சாதாரண லாப்டாப் திரையில் அகலத்தில் 1,366 புள்ளி, உயரத்தில் 768 புள்ளி. மொத்தம் சுமார் பத்தரை லட்சம். இந்தத் திரையிலோ 3,840க்கு 2,160. மொத்தம் 82,94,400 புள்ளிகள்! ஏறக்குறைய எட்டு மடங்கு. இது பணக்காரர் சினிமா பார்ப்பதற்கு மட்டும் ஆன ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். நமது தமிழ் எழுத்துக்குச் சுழியும் புள்ளியும்தான் உயிர். மட்டமான திரையில் றன்னகரத்தின் இரண்டு சுழியும் டண்ணகரத்தின் மூன்று சுழியும் ஒன்றாகக் குழம்பும். மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துபோகும். நல்ல திரையில் அச்சடித்த புஸ்தகம் போலத் தெளிவாகத் தெரியும். படிப்பகத்துக்கு வரும் கண் மங்கிய பெரியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் மெஷினோடு வந்த இயங்குதளத்துக்கு "ஆதரவு" முடிந்துவிட்டது. அதில் ஓடுகிற பழைய பிரவுசரில் பல தளங்கள் திறக்கவில்லை. ஊரில் ஒரு மாணவிக்கு உதவித் தொகை விண்ணப்பம் போட இன்னும் ஐந்தே நாள்தான் பாக்கி. கடையில் விசாரித்தால், "லினக்ஸ் போடலாம், ஆனால் இந்த மாதிரித் திரை அதில் ஒழுங்காக வராது. கம்பெனி ஆதரவு கிடையாது. புதுசு வாங்குங்கள்" என்று பதில் வந்தது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. கம்பெனி சொல்லிக் கொடுத்ததை அவர் திருப்பிச் சொன்னார்.

மழைக்காலம். கடலுக்குப் போக முடியாத நாட்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தியும், படகு இன்ஜின் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரும் அந்த மெஷினோடு மூன்று இரவு உட்கார்ந்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் என் வேலை. எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். எனக்கு விளங்கியது என்றால் வாசகர்களுக்குத் தாராளமாக விளங்கும்.

மூன்று இரவுகள்

முதல் இரவு, லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி மெஷினைக் கிளப்பினார்கள். திரை கறுப்பு. விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, படம் இல்லை. காரணம் என்ன? இந்த மெஷினில் படம் வரைகிற சில்லு இரண்டு. ஒன்று இன்டெல் பிராசசரோடு சேர்ந்தது. மற்றொன்று வேறொரு கம்பெனியின் தனிச் சில்லு. அந்தத் தனிச் சில்லை எப்படி எழுப்புவது என்ற ரகசியம் அதைச் செய்தவர்களிடம் மட்டும் இருக்கிறது. லினக்ஸ் அதை எழுப்பப் பார்த்து அங்கேயே மாட்டிக்கொண்டது.

இரண்டாம் இரவு, "படச் சில்லைத் தொடாதே" என்று கட்டளை கொடுத்துக் கிளப்பினார்கள். படம் வந்தது. ஆனால் 1,024க்கு 768 புள்ளி அளவில், தண்ணீருக்கடியில் பார்ப்பது போல மங்கலாக வந்தது. 82 லட்சம் புள்ளியை வைத்துக்கொண்டு எட்டு லட்சம் புள்ளிக்கு உள்ள படம்! போதாததற்கு அது பிரெஞ்சுக் கீபோர்டு. ஆங்கில 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூ' இருக்கும். கடவுச்சொல் தப்பு, தப்பு என்று மெஷின் சொல்லச் சொல்ல ஒரு மணி நேரம் வீணாயிற்று.

மூன்றாம் இரவுதான் வழி பிறந்தது. ஒவ்வொரு திரைக்குள்ளும் 128 பைட் அளவுள்ள ஒரு சிறு குறிப்பு பதிந்திருக்கிறது. தன் நீளம் என்ன, அகலம் என்ன, எத்தனை புள்ளி, விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று திரை தன் ஜாதகத்தைத் தானே சொல்லும். இது ஒரு கம்பெனியின் ரகசியம் அல்ல, பொது விதி. தனிச் சில்லை அடக்கி வைத்துவிட்டு, இன்டெல் சில்லையே திரையை ஓட்டவிட்டார்கள். அது ஜாதகத்தைப் படித்தது. 82 லட்சம் புள்ளியும் ஒரே நொடியில் உயிர் பெற்றன!

அப்புறம் ஒரு சங்கடம். எழுத்தெல்லாம் கடுகு கடுகாக வந்தது. அங்குலத்துக்கு 96 புள்ளி என்பது பழைய கணக்கு. இந்தத் திரையிலோ அங்குலத்துக்கு 280க்கு மேல். ஆகவே எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அளவை 200 சதவீதம் என்று மாற்றி, எழுத்துருவையும் சற்றுக் கூட்டினார்கள். ஒரு புள்ளி இருந்த இடத்தில் நான்கு புள்ளி நின்று எழுத்தை வரைந்தது. சுவரில் படம் காட்டும் புரொஜெக்டரை மாட்டியபோது அங்கே எழுத்து பூதாகாரமாக வந்தது. பழைய எக்ஸ்11 முறையில் எல்லாத் திரைக்கும் ஒரே அளவுதான். புதிய வேலண்ட் முறைக்கு மாறியதும் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி அளவு வைக்க முடிந்தது.

விண்ணப்பம் கடைசித் தேதிக்கு முதல் நாள் இரவு போய்ச் சேர்ந்தது. செலவு? டீச் செலவுதான். மூடி வைத்துத் திறந்தால் சில சமயம் திரை இன்னும் கறுப்பாகவே நிற்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கேட்கிறேன். "வராது" என்று சொன்ன திரை எப்படி வந்தது? அதே கண்ணாடி. அதே கம்பி. அதே சில்லு. மாறியது என்ன?

காகிதம் உள்ள இடமும் இல்லாத இடமும்

சில்லுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று வேலை வாங்குகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். வண்டிக்கு டிரைவர் போல. டிரைவர் எழுத வேண்டுமானால் சில்லு எப்படி வேலை செய்கிறது என்ற விவரக் காகிதம் வேண்டும். இன்டெல் தன் படச் சில்லுகளின் விவரத்தை 2008 முதல் வெளியிட்டு வந்திருக்கிறது. டிரைவரின் மூலத்தையும் எல்லோரும் படிக்கத் திறந்து வைத்தது. தர்ம சிந்தனையால் அல்ல, சில்லு விற்பதற்காகத்தான். எப்படியானால் என்ன? காகிதம் வெளியே வந்ததால், மண்டபத்தூரில் கம்பெனி ஆள் ஒருவரும் இல்லாமலே திரை எரிந்தது.

காகிதம் வராத இடத்தில் என்ன நடக்கிறது? ஆப்பிள் கம்பெனி 2020 நவம்பரில் எம்1 என்ற சொந்தச் சில்லு போட்ட மெஷின்களை விற்கத் தொடங்கியது. வேறு இயங்குதளம் ஏற்றுவதற்கு அதில் பூட்டுப் போடவில்லை. ஆனால் சில்லின் விவரத்தையும் தரவில்லை. ஹெக்டர் மார்ட்டின் என்பவர் 2021ல் தொடங்கிய அசாஹி லினக்ஸ் என்ற தொண்டர் குழு, மக்கள் தந்த சிறு நன்கொடைகளை வைத்து, இருட்டில் தடவித் தடவி ஒவ்வொரு பாகத்தையும் கண்டுபிடித்தது. படச் சில்லின் டிரைவரை முதன்முதலாக மக்கள் கையில் கொடுக்க 2022 டிசம்பர் ஆயிற்று. கம்பெனியின் அலமாரியில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற விவரத்தை மறுபடி கண்டுபிடிக்க இத்தனை உழைப்பு! 2025 பிப்ரவரியில் மார்ட்டின் களைத்துப்போய்ப் பொறுப்பிலிருந்து விலகினார். தொண்டர்களின் உழைப்பு வற்றாத ஊற்று அல்ல.

என்விடியா கம்பெனியின் கதை இன்னும் பழசு. 2012ல் பின்லாந்து தேசத்தில் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதாவது 1991ல் லினக்ஸைத் தொடங்கிய அதே மனிதர், தாங்கள் பழகிய கம்பெனிகளிலேயே மோசமானது இதுதான் என்று மேடையில் விரலைக் காட்டித் திட்டினார். 2014க்குப் பின் வந்த அதன் சில்லுகள், கம்பெனியின் கையெழுத்திட்ட உள் நிரலைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி செய்யப்பட்டன. தொண்டர்கள் எழுதிய டிரைவர் அவற்றை முழு வேகத்தில் ஓட்ட முடியவில்லை. 2022 மே மாதத்தில் கம்பெனி ஒரு பகுதி டிரைவரின் மூலத்தை வெளியிட்டது. அதுவும் 2018ல் வந்த தலைமுறைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் மட்டும். பணம் கொடுத்து வாங்கிய சில்லு. ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை விற்றவனிடம். நிலம் உனது, வாய்க்கால் மடை என்னுடையது என்கிற பண்ணையார் நியாயம் இது!

யாருக்கு எஜமானன் யார்?

2025 அக்டோபர் 14ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்தியது. அடுத்ததான விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைப் பிராசசரும் இல்லாத மெஷின்களை ஏற்க மறுக்கிறது. இதனால் உலகத்தில் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று 2023ல் கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களைத் தயாரிப்பதை கம்பெனி நிறுத்தவில்லை. வீட்டுக்காரருக்கு இன்னும் ஒரு வருஷம் உண்டு: 30 டாலர் கட்டு, அல்லது கம்பெனிக் கணக்கோடு உன் மெஷினைக் கட்டிப்போடு என்றது. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் போர்க்கொடி தூக்கியதும் அந்த வட்டாரத்துக்குப் பணம் வேண்டாம் என்று இறங்கி வந்தது. மருந்து தயார். மருந்து புட்டியும் கையில் இருக்கிறது. யாருக்கு ஊற்றுவது, யாருக்கு மறுப்பது என்பதுதான் "ஆதரவு" என்ற சொல்லின் அர்த்தம்! அதோடு இன்னொரு பாடமும் இருக்கிறது. எதிர்த்தவனுக்குக் கிடைத்தது, அடங்கி இருந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இது தனி மனிதர்களின் மெஷினோடு நிற்கிறதா? 2025 ஜூலையில் ரஷ்யாவின் ராஸ்நெப்ட் பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய்க் கம்பெனி மீது ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. குஜராத்தில் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் இந்தக் கம்பெனிக்கு இந்தியச் சட்டம் எந்தத் தடையும் விதிக்கவில்லை. ஆனால் மைக்ரோசாப்ட் அதன் மின்னஞ்சல் முதலான சேவைகளைத் துண்டித்துவிட்டது. நயாரா டில்லி ஹைகோர்ட்டுக்குப் போன பிறகு, அந்த மாதக் கடைசியில்தான் சேவை திரும்பி வந்தது. நயாராவும் முதலாளிகளின் கம்பெனிதான்; அதற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால் இந்திய மண்ணில் உள்ள ஒரு ஆலையின் கடிதப் போக்குவரத்தை அன்னிய ஸ்தாபனம் ஒன்று ஒரு பொத்தானில் நிறுத்தலாம் என்றால், நமது சுதந்திரத்துக்கு எஜமானன் யார்?

கனவான்களின் வாதங்கள்

"கம்பெனி காலமெல்லாம் பழைய மெஷினுக்குச் சோறு போட முடியுமா?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். யாரும் அப்படிக் கேட்கவில்லை! நீ சோறு போட வேண்டாம். அடுப்பங்கரைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்கிறோம். நமது கரையில் படகு இன்ஜின் பழுதானால் கம்பெனி அனுமதிக்காகவா காத்திருக்கிறோம்? மெக்கானிக் திறக்கிறார், பார்க்கிறார், கடைந்து போடுகிறார். இருபது வருஷத்து இன்ஜினும் கடலுக்குப் போகிறது. அந்த இன்ஜினை வாங்கியவனுக்கு உள்ள உரிமை லாப்டாப் வாங்கியவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

"லினக்ஸ் என்றால் தலைவலி. மூன்று இரவு கண் விழிக்க யாரால் முடியும்?" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. தலைவலி இருக்கிறது. ஒரே காரியத்துக்குப் பத்து வழி சொல்லி, பத்தும் தங்கள் வழியே சரி என்று சண்டை போடுகிற பழக்கம் அந்தத் தொண்டர்களிடமும் இருக்கிறது. நமக்குத் தெரியாத பழக்கமா அது! ஆனால் தலைவலியைக் கொடுத்தவன் யார்? விவரத்தை ஒளித்து வைத்தவன்தானே. கையைக் கட்டிப் போட்டுவிட்டு "இவனுக்கு நீந்தத் தெரியவில்லை" என்று கெக்கலிப்பது என்ன யோக்கியதை?

"சர்க்கார் இலவசமாகவே லாப்டாப் கொடுக்கிறதே, இன்னும் என்ன?" என்பது மூன்றாவது. கொடுத்ததை வரவேற்கிறோம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய திட்டத்தில் முதல் வருஷத்துக்கு மட்டும் 9 லட்சத்து 12 ஆயிரம் லாப்டாப். அவற்றில் விண்டோஸும் இருந்தது. சி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆனால் எத்தனை பள்ளியில் 'பாஸ்' பாடம் நடந்தது? எத்தனை ஆசிரியருக்குப் பயிற்சி கிடைத்தது? சொந்த வீட்டில் திண்ணையில் உட்கார்த்தி வைத்த கதைதான். 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லாப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்து, முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இவ்வளவு பெரிய கொள்முதல் செய்கிறவன் நிபந்தனை போடலாமா, கூடாதா?

போடலாம் என்பதற்குக் கேரளமே சாட்சி. அங்கே பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் கல்வி முழுவதும் லினக்ஸில் நடக்கிறது. கைட் என்ற அரசு ஸ்தாபனம் தானே இயங்குதளத்தைச் சீர்படுத்தித் தருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. வாங்குகிற சர்க்கார் லினக்ஸைத்தான் ஓட்டும் என்று தெரிந்தால், விற்கிற கம்பெனி அதில் ஓடுகிற மெஷினைத்தான் கொண்டுவரும். அப்போது "ஆதரவு இல்லை" என்ற பல்லவி தானாகவே நின்றுபோகும்.

நமது கோரிக்கைகள்

ஆகவே, புதுவை சர்க்காரிடமும் மத்திய சர்க்காரிடமும் நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று: மக்கள் பணத்தில் வாங்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திரை, ஒலி, வலைத்தொடர்பு ஆகிய எல்லாம் திறந்த மூலமுள்ள டிரைவரில் ஓட வேண்டும். ஓடாததை வாங்கக் கூடாது. அரசு அலுவல்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று மத்திய சர்க்கார் 2015லேயே கொள்கை அறிவித்திருக்கிறது. அது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கக் கூடாது.

இரண்டு: ஒரு மெஷினுக்கு ஆதரவை நிறுத்துகிற கம்பெனி, அதே நாளில் அதன் விவரக் காகிதத்தையும் டிரைவர் மூலத்தையும் பூட்டைத் திறக்கும் சாவியையும் வெளியிட வேண்டும் என்று சட்டம் வேண்டும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் குழு போட்டது. குழு போட்டால் மெஷின் ஓடாது. சட்டம் போட வேண்டும்.

மூன்று: காரைக்கால் பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கம்ப்யூட்டர் பாடத்தில் லினக்ஸ் இடம்பெற வேண்டும். ஒரு கம்பெனியின் பொத்தானை அழுத்தக் கற்பது கல்வி அல்ல. மெஷினைத் திறந்து பார்க்கக் கற்பதே கல்வி.

கோரிக்கை வைத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. கட்சி ஆபீசுகளில், சங்க ஆபீசுகளில், படிப்பகங்களில் மூலையில் கிடக்கும் மெஷின்களைத் தூசி தட்டுங்கள். குப்பைக்குப் போடுமுன் நமது இளைஞர்களிடம் கொடுங்கள். எந்தச் சில்லுக்கு என்ன செய்தார்கள் என்பதை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மண்டபத்தூரில் அந்தப் பெண் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த ஊர்க்காரர் மூன்று இரவு விழிக்க வேண்டாம். ஒரு மாலை போதும்.

புதுவை மண்ணில் 1936 ஜூலை 30ல் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்தத் தியாகத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. அதற்கு முன் முதலாளிகள் சொன்னதும் "முடியாது" என்பதுதான். முடியாதது என்று ஒன்றும் இல்லை, முடியவிடாதவர்கள்தான் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தொழிலாளர்கள் நிரூபித்தார்கள். நமது திரை அவர்கள் தியாகத்துக்கு முன் சின்ன விஷயம். ஆனால் பாடம் ஒன்றுதான்.

உழைத்துச் செய்தவனும் நாமே. விலை கொடுத்து வாங்கியவனும் நாமே. அதை எரிய வைக்கவும் அணைக்கவும் அதிகாரம் மட்டும் அவனிடம் இருப்பதா? ஒருக்காலும் ஒப்போம்!